சுகப்பிரசவம் என்று எழுதினேன்

எங்கள் சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கைக்கென்று ஒரு கவர் உண்டு. பெயர் எழுத ஒரு கோடு, எதற்காக நன்றி செலுத்துகிறோம் என்று எழுத ஒரு கோடு. பிறந்தநாள், திருமணநாள், பரீட்சையில் பாஸ், புது வண்டி எல்லாம் அந்த ஒரே கோட்டில் அடங்கிவிடும். ஆராதனையில் போதகர் கவர்களை ஒவ்வொன்றாக எடுத்து மைக்கில் வாசிப்பார். சபை முழுக்க திரும்பிப் பார்த்துப் புன்னகைக்கும்.

மகன் பிறந்து ஏழு வாரம் கழித்து முதல்முறையாக அவனைத் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்குப் புறப்பட்டோம். என் கணவர் அந்தக் கோட்டில் ‘ஆண் குழந்தை பிறந்ததற்காக’ என்று அழகாக எழுதி டைனிங் டேபிளில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் பேனாவை எடுத்தேன். ‘குழந்தை’க்கும் ‘பிறந்ததற்காக’வுக்கும் நடுவில் மேலே ஒரு சின்ன அம்புக்குறி போட்டு, ‘சுகப்பிரசவத்தில்’ என்று நுழைத்தேன். விடைத்தாளில் விட்டுப்போன வார்த்தையைச் சேர்க்கிற மாணவி மாதிரி, கை நடுங்காமல்.

எனக்கு நடந்தது சிசேரியன். அன்று காலை சேலை கட்டும்போதுகூட தையல் மேல் கொசுவம் அழுத்தாமல் இருக்க நாலு தடவை அவிழ்த்துக் கட்டியிருந்தேன்.

போதகர் வாசித்தார். முன்வரிசை அக்காமார் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். என் கணவர் மட்டும் திரும்பவில்லை. பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, “சர்ச்லயுமா?” என்றார். அவ்வளவுதான். காணிக்கை விஷயத்தில் பொய் சொன்ன புருஷனும் பெண்சாதியும் அந்த இடத்திலேயே செத்து விழுந்த பைபிள் கதையை சண்டே ஸ்கூலில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

ஏன் எழுதினேன் என்று கேட்டால், நான் ஒரு பி.டி. டீச்சர். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாக விசில் ஊதுகிறேன். ஓடு, குனி, நிமிர், இன்னொரு ரவுண்டு என்பதுதான் என் பிழைப்பு. வலிக்கிறது என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் எனக்கு உடனே கோபம் வரும். மாதவிலக்கு நாளில் மரத்தடியில் உட்கார அனுமதி கேட்கிற பெண்களை, “நாங்கல்லாம் இதோட மாநிலப் போட்டியே ஓடியிருக்கோம்” என்று சொல்லி எழுப்பிவிட்டிருக்கிறேன். கர்ப்பமாக இருந்த ஒன்பது மாதமும் ஸ்டாஃப் ரூமில் நான் விட்ட சவடால் கொஞ்சநஞ்சமல்ல. இந்தக் காலத்துப் பெண்களுக்கு உடம்பு வணங்காது, பயந்து பயந்து வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார்கள், நான் பாருங்கள், நடந்து போய்ப் பெற்றுக்கொண்டு நடந்து வருவேன் என்றெல்லாம். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் ஆபரேஷனில் பெற்றவர்கள். அவர்கள் முகத்தை நான் அப்போது பார்க்கவே இல்லை.

தலைப்பிரசவம் என்பதால் கூடுவாஞ்சேரியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியும் அங்கேதான். இருபத்திரண்டு மணி நேரம் வலி எடுத்தது. பிள்ளை இறங்கவில்லை. டாக்டர் வந்து இனிமேல் காத்திருக்க வேண்டாம் என்றபோது, மயக்கத்திலும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஸ்டாஃப் ரூம்தான். பிள்ளையின் அழுகையைக் கேட்டபோது சந்தோஷப்பட்டேன், அது பொய்யில்லை. ஆனால் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் தைத்துக்கொண்டிருக்கும்போதே, இதை யாருக்கும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஊர் தள்ளி நடந்ததால் மறைப்பது சுலபமாக இருந்தது. அம்மாவுக்கும் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். பள்ளியிலிருந்து பார்க்க வந்தவர்கள் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, எழுந்து, நடந்து, நானே ட்ரேயில் ஜூஸ் எடுத்து வந்து கொடுத்தேன். அவர்கள் போனதும் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பதினைந்து நிமிஷம் அசையாமல் நின்றேன். அம்மா, “யாருக்குடி இந்த நாடகம்?” என்று அழுதாள். அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

ஆஸ்பத்திரியை விட்டு வரும் முன் நர்ஸ் ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்திருந்தாள். நேராக எழுந்திருக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி மெல்ல எழ வேண்டும். யாராவது பார்க்கிற இடத்தில் நான் ஒரு நாளும் அப்படி எழுந்ததில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே.

தையல் ஆறியது, வலி போகவில்லை. தழும்பின் வலது கோடியில், ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மறைத்துவிடலாம், அவ்வளவு இடம். அந்த இடத்தில் மட்டும் எரியும். சில நேரம் சுருக்கென்று தொடை வரைக்கும் இழுக்கும். தும்மல் வந்தால் பாக்கெட்டுக்குள் கைவிட்டு அழுத்திக்கொள்வேன். ட்ராக் பேண்ட்டின் எலாஸ்டிக்கை மடித்துக் கீழே இறக்கிவிட்டுக்கொள்வேன். கேம்ப் ரோட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வழியில் எத்தனை வேகத்தடை, எது உயரம், எதை ஓரமாகச் சுற்றிப் போகலாம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பிள்ளையைத் தூக்கும்போது இடது இடுப்பில் மட்டும் வைத்துக்கொள்வேன். அவன் உற்சாகத்தில் காலை உதைக்கும்போது ஒரு நொடி அவன் மேலேயே ஆத்திரம் வரும். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாவது வாரம் செக்கப்புக்குப் போனேன். டாக்டர் வேறு யாரையோ பார்த்துக்கொண்டே, “பெயின் இருக்காம்மா?” என்றார். “இல்ல டாக்டர்” என்றேன். பொய் சொல்லிப் பழகிவிட்டால் வாய் தானாகவே சொல்லிவிடுகிறது. அதன்பிறகு தாம்பரத்தில் எந்த டாக்டரிடமும் போகவில்லை. அங்கே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தியாவது என் பள்ளியில் படிக்கிற பிள்ளையின் அம்மாவாக இருப்பாள்.

லீவு முடிந்து பள்ளிக்குத் திரும்பியபோது நான் திருந்தியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. இன்னும் மோசமானேன். எனக்கு வலிக்கும் நாளில்தான் பிள்ளைகளை அதிகமாக ஓட விட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை, “நடிக்காதே” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நடித்துக்கொண்டிருந்தது யார் என்று எனக்குத் தெரியாதா?

அந்த ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது எங்கள் கணக்கு டீச்சர் ஆறு மாதக் கர்ப்பிணியாக வந்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். பெருங்களத்தூரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் குடித்தனம். எதையும் சரிபார்க்காமல் நம்ப மாட்டாள், டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்பதைக்கூட இரண்டு தடவை திறந்து பார்ப்பாள். ஆனால் என்னை நம்பினாள். மதிய இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அக்கா, உங்களுக்கு நார்மல்தானே? எப்படிக்கா? எனக்கு நினைச்சாலே பயமா இருக்கு” என்று கேட்டாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொருத்தர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி என்று சொல்லி எழுந்து போயிருக்கலாம். நான் அளந்துவிட்டேன். இருபத்திரண்டு மணி நேர வலியை உள்ளபடியே சொன்னேன். முடிவை மட்டும் மாற்றினேன். டாக்டர் வந்து ஆபரேஷன் என்றார், நான் முடியாது என்றேன், அடுத்த அரை மணி நேரத்தில் பிள்ளை பிறந்துவிட்டது என்று சொன்னேன். அவள் கண்ணை விரித்துக் கேட்டாள். கேட்கக் கேட்க எனக்கே அது நடந்த மாதிரி இருந்தது. கடைசியில் அவள் கையைப் பிடித்து, “அவங்க பயமுறுத்துவாங்க. கடைசி வரைக்கும் விட்டுக்கொடுக்காதே” என்றேன். குந்தி உட்கார்ந்து எழும் பயிற்சியைக்கூட ஸ்டாஃப் ரூம் கதவைச் சாத்திவிட்டுச் செய்து காட்டினேன். எழும்போது வலது பக்கம் பிடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் காலை ஸ்டாஃப் குரூப்பில் செய்தி வந்தது. பெண் குழந்தை, சிசேரியன், குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில், எல்லாரும் பிரார்த்தனை செய்யுங்கள். அதைப் படித்தவுடன் எனக்குள் முதலில் வந்தது பதற்றம் இல்லை. ‘அவளுக்கும்தானா’ என்று ஒரு ஆறுதல். ஒரு நொடிதான் இருக்கும். ஆனால் அது வந்தது, நான் அதைப் பார்த்தேன். பிறகுதான் குழந்தையைப் பற்றிப் படித்தது உறைத்தது. கைகூப்பும் பொம்மை மூன்றைப் போட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

நாலு நாளில் குழந்தையை வெளியே கொடுத்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது. எல்லாரும் சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் ஏதோ சாக்குச் சொல்லி அவர்களோடு போகவில்லை. ஆயுத பூஜை விடுமுறை தொடங்கிய அன்று சாயங்காலம் தனியாகப் போனேன்.

ஊருக்குப் போகிற கூட்டம் ஜி.எஸ்.டி. ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பெருங்களத்தூரில் இறங்கி ரோட்டைக் கடப்பதற்குள், பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஒருவரின் பெட்டி மூலை சரியாக அந்த இடத்தில் இடித்தது. “ஸாரி மேடம்” என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டார். நான் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு பூக்கார அம்மா, “இன்னாம்மா, முடியலியா? குந்து இப்டி” என்று தன் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “ஒண்ணுமில்லம்மா” என்று நடந்துவிட்டேன்.

கதவைத் திறந்தது அவளுடைய அம்மா. “நீங்கதானே அந்த பி.டி. டீச்சர்? வாங்க வாங்க. வாயைத் திறந்தா உங்க பேச்சுதான்” என்று உள்ளே அழைத்துப் போனார். அவள் சுவரோரம் தரையில் போட்ட மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் குழந்தை தூங்கியது. எனக்கு நாற்காலி போடப் போன அவள் அம்மாவைத் தடுத்து, நான் வழக்கம்போல வீறாப்பாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவர் காபி போட அடுப்படிக்குப் போனார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ஸாரிக்கா” என்றாள்.

“எதுக்கு ஸாரி?”

“என்னால முடியல. நீங்க அவ்ளோ சொல்லிக் கொடுத்தீங்க.”

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் பேசிக்கொண்டே போனாள். “டாக்டர் மூணு தடவை வந்து கேட்டாங்கக்கா. பாப்பாவுக்கு ஹார்ட் பீட் குறையுதுன்னு சொன்னாங்க. அவர் கையெழுத்துப் போடப் போனார், நான்தான் விடல. எங்க ஸ்கூல்ல ஒரு அக்கா இருபத்திரண்டு மணி நேரம் பொறுத்தாங்க, நானும் பொறுத்துக்கறேன், பயமுறுத்தாதீங்கன்னு சொன்னேன். ரெண்டு மணி நேரம் அப்படியே போச்சு. கடைசியில வெளிய எடுத்தப்ப இவ அழவே இல்ல.”

குழந்தை தூக்கத்தில் வாயைச் சப்பியது. அவள் அதன் மேல் துணியைச் சரி செய்தாள். “இப்ப பரவாயில்ல. ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டணும்னு சொல்லியிருக்காங்க. நான் பிடிவாதம் பிடிச்சதாலதான்னு அவர் வாயால சொல்லல. மனசுல இருக்கு.”

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. பொய் சொல்ல வழி இருக்கிறதா என்று அந்த நிமிஷத்திலும் மனது தேடியது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

“எனக்கும் ஆபரேஷன்தான்” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. “என்ன ஆபரேஷன்?”

“சிசேரியன். எனக்கு நார்மல் இல்ல. உன்கிட்ட சொன்னது பொய்.”

அடுப்படியில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அவள் என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. “அப்ப அந்த இருபத்திரண்டு மணி நேரம்?”

“அது உண்மை. அதுக்கு அப்புறம் ஆபரேஷன்தான் பண்ணாங்க. டாக்டர் சொன்னதும் சரின்னுதான் சொன்னேன். நான் ஒண்ணும் எதிர்த்துப் பேசல.”

“ஏன்க்கா?” என்றாள்.

அவமானமாக இருந்தது என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாகக் கேட்டது. அவளுடைய குழந்தை அழாமல் பிறந்த நேரத்துக்கும், என் ஸ்டாஃப் ரூம் சவடாலுக்கும் நடுவில் வைக்க என்னிடம் இந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குழந்தையைத் தன் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

“நீங்க கிளம்புங்கக்கா” என்றாள்.

எழ முயன்றேன். சம்மணத்திலிருந்து ஒரே வீச்சில் எழுவதுதான் என் வழக்கம். அன்று பெட்டி இடித்த இடம் பற்றிக்கொண்டு எரிந்தது. பாதி எழுந்து அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டேன். ஐயோ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல. இரண்டாவது தடவை முயன்றபோது, “அப்படி எழுந்திருக்காதீங்க” என்று அவள் குரல் வந்தது. கோபம் குறையாத குரல். “ஒருபக்கமா சாயுங்க. கையை ஊணுங்க. மெதுவா.”

பதினெட்டு நாள் முன்னால் வயிறு கிழிக்கப்பட்டவள் பி.டி. டீச்சருக்கு எழுந்திருக்கச் சொல்லிக்கொடுத்தாள். நான் அவள் சொன்னபடியே பக்கவாட்டில் சாய்ந்து, கையை ஊன்றி, ஒரு முழங்காலை மடக்கி எழுந்தேன். காபியோடு வந்த அவள் அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“இன்னுமா வலிக்குது?” என்றாள் அவள். “உங்க பையனுக்கு ஒரு வயசு தாண்டிடுச்சே.”

“வலிக்குது.”

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“சொல்லல. நான் காட்டவே இல்ல.”

அப்போதுதான் அவள் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். தன் நைட்டியின் மேல் வலது பக்கம் கையை வைத்துக்கொண்டாள். “எனக்கும் இந்தப் பக்கம்தான் ரொம்ப வலிக்குது” என்றாள். பிறகு, “எனக்கு இனிமே நீங்க எந்த அட்வைஸும் சொல்ல வேணாம். ஆனா டாக்டர்கிட்ட போங்க. போயிட்டு அவங்க என்ன சொன்னாங்களோ அதை மட்டும் சொல்லுங்க” என்றாள்.

விடுமுறை முடிந்த மறுநாளே குரோம்பேட்டையில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். வரிசையில் என் பள்ளிப் பிள்ளையின் அம்மா ஒருத்தி உட்கார்ந்திருக்கத்தான் செய்தாள். வணக்கம் மிஸ் என்றாள். “என்ன மிஸ், உடம்புக்கு?” என்றாள். “சிசேரியன் தழும்பு வலிக்குதும்மா” என்றேன். “எனக்கும் ரெண்டு வருஷம் இருந்தது மிஸ்” என்று சொல்லிவிட்டு அவள் ஃபோனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். இதற்குத்தான் பதினான்கு மாதம் ஒளிந்துகொண்டிருந்தேன்.

டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்கச் சொல்லி, தழும்பில் ஒரு விரலை வைத்து அழுத்தியபடியே தலையைத் தூக்கச் சொன்னார். கத்திவிட்டேன். தழும்புக்குள் ஒரு நரம்பு சிக்கியிருக்கலாம் என்றார். அந்த இடத்தில் ஊசி போட்டுப் பார்க்கலாம், பிசியோதெரபி செய்யலாம், பலருக்குக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்றார். “முன்னாடியே வந்திருக்கலாமே, ஏன் வரல?” என்று கேட்டார். வெட்கப்பட்டேன் என்றேன். அவர் அதை நோட்டில் எழுதவில்லை. ஸ்கேனுக்கு எழுதினார்.

இப்போது மூன்று ஊசி முடிந்திருக்கிறது. வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். யாரும் ஆச்சரியப்படவில்லை, சிலருக்கு முதலிலேயே தெரியும் போலிருக்கிறது. வயிறு வலிக்கிறது என்று சொல்கிற பெண்கள் இப்போது மரத்தடியில் உட்காருகிறார்கள். அவர்களில் ஒருத்தி நடிப்பாள், நன்றாகவே தெரிகிறது, உட்காரட்டும். சர்ச்சில் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அதற்கு எந்தக் கவரில் எழுதுவது என்று தெரியவில்லை.

டாக்டரைப் பார்த்த அன்று சாயங்காலமே அவளுக்கு ஃபோன் செய்தேன். எடுத்து, “சொல்லுங்க” என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. விரலை எங்கே வைத்தார், எப்படி அழுத்தினார், ஊசி எவ்வளவு வலிக்குமாம், எத்தனை நாளில் தெரியுமாம், குறையாமலும் போகலாமாம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. நல்ல கணீரென்ற அழுகை. நான் சொல்லி முடித்தேன்.

“நிஜமா?” என்றாள்.

“நிஜம்” என்றேன்.

அவளையும் அதே டாக்டர்தான் இப்போது பார்க்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை நானே ஃபோன் செய்து எனக்கு எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். அவள் கேட்டுக்கொள்கிறாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்கிறாள். நேற்று, மகனை முதல்முறையாக வலது இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டேன் என்று சொன்னேன். அதற்கும் கேட்டாள்.